ஃபார்மட் அடிக்கும் முன்: 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்'களுக்கு ஒரு திறந்த மடல்



இந்த மடல் பெரிய நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அல்ல. ஆடிட்டர் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்ந்து, பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருநாள் எடுத்துக் கொடுத்த குற்றத்துக்காக, அன்று முதல் அங்குள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொறுப்பாக்கப்பட்டவர்களுக்கு. பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டே கணினி அறையின் சாவியையும் வைத்திருப்பவர்களுக்கு. அச்சகத்திலும் பத்திர எழுத்தர் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் "தம்பி, இத கொஞ்சம் பாரேன்" என்று கூப்பிடப்படுகிறவர்களுக்கு. இந்த வேலைக்கென்று உங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாயும் சேர்வதில்லை. ஆனால் வேர்டு திறக்காவிட்டால் முதல் திட்டு உங்களுக்குத்தான்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் மூன்று கதவுகளை ஒரே நாளில் சாத்தியது: விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019. மூன்றுக்குமான ஆதரவு அன்றோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் பழைய கணினிகள் பலவும் தேறவில்லை. ஆகவே பல சிறு அலுவலகங்களில் கணினி, இயங்குதளம், ஆபீஸ் மூன்றும் ஒரே மூச்சில் மாறின. அதன்பின் வரும் புகார்கள் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். "வேர்டு சுத்திக்கிட்டே இருக்கு." "எக்செல்ல தேதியெல்லாம் மாறிப்போச்சு." "தமிழ் எழுத்து இங்கிலீஷா வருது." இவற்றுக்கு ஊர் முழுக்க ஒரே வைத்தியம்தான்: அன்இன்ஸ்டால் பண்ணிவிட்டு மறுபடி போடுவது. அதிலும் சரியாகவில்லை என்றால் ஃபார்மட் அடிப்பது.

இந்த மடலின் வழக்கு அந்த வைத்தியத்தோடுதான். ஆபீஸ் மென்பொருள் தகராறு செய்யும்போது, கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் அந்த மென்பொருள் அல்ல. அதைச் சுற்றி இருக்கும் ஏதோ ஒன்று. அந்த ஒன்றை அன்இன்ஸ்டால் தொடுவதே இல்லை.

வேர்டையே எடுத்துக்கொள்ளலாம். அது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 'நார்மல்' என்ற வார்ப்புருக் கோப்பைப் படிக்கிறது. இயல்பான எழுத்துரு, பத்தி அமைப்பு, எப்போதோ யாரோ எழுதிய மேக்ரோ எல்லாம் அதற்குள் இருக்கும். இந்தக் கோப்பு மென்பொருள் இருக்கும் இடத்தில் இல்லை. பயனரின் சொந்தக் கோப்புறையில், 'ஆப்டேட்டா'வுக்குள் 'டெம்ப்ளேட்ஸ்' என்ற இடத்தில் இருக்கிறது. அது பயனரின் சொத்து என்பதால் அன்இன்ஸ்டால் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அதை விட்டுவிடுகிறது. அந்தக் கோப்பு சிதைந்திருந்தால் என்ன ஆகும்? வேர்டை நீக்கி, பல ஜிபி இறக்கி, மறுபடி போட்டு, ஆசையோடு திறந்தால், புது வேர்டு போய்ப் படிப்பது அதே சிதைந்த கோப்பை. கிணற்றைத் தூர்வாரிவிட்டு ஓட்டை வாளியையே மறுபடி இறக்குகிற வேலை இது.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி வேர்டைத் திறந்தால், பாதுகாப்பு முறையில் திறக்கவா என்று கேட்கும். அப்படிச் சிக்கலின்றித் திறந்துவிட்டால் மென்பொருள் நல்லபடியாக இருக்கிறது என்று பொருள். குற்றவாளி கூடுதல் செருகு நிரலோ வார்ப்புருவோதான். வேர்டை மூடிவிட்டு, 'நார்மல்' கோப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். அடுத்த முறை திறக்கும்போது வேர்டு தானே புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். எக்செல்லுக்கும் இதே போலச் சொந்த இடம் உண்டு. 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' என்ற கோப்புறையில் எதைப் போட்டு வைத்தாலும் எக்செல் திறக்கும்போது அதுவும் கூடவே திறக்கும். எப்போதோ தவறிப்போய் அங்கே சேமிக்கப்பட்ட ஒரு கோப்பு தினமும் எட்டிப் பார்ப்பதை 'வைரஸ்' என்று நம்புகிற அலுவலகங்களும் உண்டு.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துகிறவர்களும் இதில் தப்பவில்லை. அதன் பயனர் கோப்புறைக்குள் '4' என்று ஓர் உறை இருக்கும். நான்காம் பதிப்புக்குப் பின் ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் வந்து, 2024 முதல் ஆண்டையே பதிப்பெண்ணாக்கி 24.2 என்றும் வந்துவிட்டது. அந்த உறையின் பெயர் மட்டும் 4 என்றே நின்றுவிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் மாற்றிய அமைப்பு ஒன்று இன்றைய பதிப்பிலும் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அதுதான் வழி. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து உதவிப் பட்டியலிலேயே பாதுகாப்பு முறையில் மறுபடி தொடங்கும் வசதி இருக்கிறது. இவ்வளவு எளிய கதவு இருந்தும் அதைத் தட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இன்னொரு மறைமுகக் குற்றவாளி பிரிண்டர். பக்கத்தை எப்படி மடிப்பது என்று வேர்டும் எக்செல்லும் இயல்புப் பிரிண்டரிடம் கேட்டுக்கொள்கின்றன. அந்தப் பிரிண்டர் பழைய அலுவலகத்திலேயே தங்கிவிட்டதென்றால், பதில் வராதா என்று அவை காத்திருக்கும். இயல்புப் பிரிண்டரை 'பிரிண்ட் டு பிடிஎஃப்' என்று மாற்றிப் பாருங்கள். சட்டென்று திறந்தால் வேலை முடிந்தது.

நிறுவும்போதே நின்றுவிடுகிற கேஸ்கள் வேறு வகை. திரையில் 1603 என்று ஓர் எண் வரும். பலர் அந்த எண்ணையே நோயாக எடுத்துக்கொள்கிறார்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரின் கணக்கில் 1603 என்றால் நிறுவல் தோற்றது என்பது மட்டுமே. ஏன் தோற்றது என்பது அதில் இல்லை. மாறாக 1618 கொஞ்சம் பேசுகிற எண்: வேறொரு நிறுவல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும். 1603-க்குக் காரணம் வேண்டுமென்றால் தற்காலிகக் கோப்புறையில் விழுந்திருக்கும் பதிவுக் கோப்பைத் திறக்க வேண்டும். பல்லாயிரம் வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்பதை அதன் ஆங்கில எழுத்துகளில் தேடுங்கள். அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில் காரணம் எழுதியிருக்கும்: இந்தக் கோப்பில் எழுத அனுமதி இல்லை, இந்தச் சேவை தொடங்கவில்லை, இது கிடைக்கவில்லை என்று. ஃபார்மட் அடிக்கும்போது முதலில் அழிவது இந்தச் சாட்சியம்தான்.

1612, 1706 என்ற எண்கள் வந்தால் கதை சுவாரசியமாகும். மூலக் கோப்பைக் காணோம் என்பது அவற்றின் பொருள். சி டிரைவில், விண்டோஸ் கோப்புறைக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைத்து வைக்கப்பட்ட கோப்புறை ஒன்று உண்டு. விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியாக நிறுவிய ஒவ்வொரு மென்பொருளின் நிறுவல் கோப்பும், பின்னர் வந்த ஒட்டுக் கோப்புகளும் அங்கே பத்திரமாக இருக்கும். பின்னாளில் சரிசெய்யவோ, மேம்படுத்தவோ, நீக்கவோ விண்டோஸ் அங்கேதான் போய்ப் பார்க்கும். டிரைவில் இடமில்லை என்று யாரோ தேடும்போது பல ஜிபி அடைத்துக்கொண்டிருக்கும் இந்தக் கோப்புறை கண்ணில் படுகிறது. அழிக்கிறார்கள். அன்று எதுவும் நடக்காது. எல்லாம் வழக்கம்போல் ஓடும். சில மாதங்கள் கழித்து ஆபீஸை மேம்படுத்தப் போனால் முடியாது. சரி, நீக்கிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. அதற்குள் அழித்தவருக்கே அழித்தது மறந்திருக்கும். பக்கத்துக் கணினியிலிருந்து அந்தக் கோப்புறையைப் பிரதி எடுத்து வைப்பதும் உதவாது. அங்குள்ள கோப்புகள் அந்தந்தக் கணினிக்கு மட்டுமானவை. மைக்ரோசாஃப்ட் தருகிற நிறுவல் நீக்கல் சிக்கல்தீர்ப்பான் சில நேரம் காப்பாற்றும். நிச்சயமான வழி, காப்புப் பிரதி இருந்தால் அதை மீட்பதுதான்.

இப்போதைய ஆபீஸ் 'கிளிக் டு ரன்' என்ற வேறு முறையில் நிறுவப்படுகிறது. அதன் பிழை எண்கள் பெரும்பாலும் 30 ஆயிரத்தில் தொடங்கும். அவற்றின் பின்னால் இருப்பவை சாதாரணக் காரணங்கள்: அறுந்துபோகிற இணையம், தடுத்து நிறுத்துகிற ஆன்டிவைரஸ், இடமில்லாத டிரைவ், அரைகுறையாக நீங்கிய பழைய ஆபீஸ். இதில் 'ரிப்பேர்' என்று இரண்டு பொத்தான்கள் இருப்பதைக் கவனியுங்கள். விரைவுப் பழுதுபார்ப்பு இணையமின்றிச் சில நிமிடங்களில் முடியும். ஆன்லைன் பழுதுபார்ப்பு கிட்டத்தட்ட முழு ஆபீஸையும் மறுபடி இறக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்துகொண்டு இரண்டாவதைத் தொட்டவர்களுக்கு அன்றைய டேட்டா அன்றே தீர்ந்தது.

32-பிட், 64-பிட் தகராறையும் ஒதுக்க முடியாது. ஆபீஸில் 64-பிட் வடிவம் 2010 பதிப்போடு வந்தது. ஆனாலும் பல ஆண்டுகள் மைக்ரோசாஃப்டே 32-பிட்டைத்தான் இயல்பாக நிறுவியது. 2019 வாக்கில்தான் 64-பிட் இயல்பானது. எனவே பழைய கணினியில் 32, புதியதில் 64 என்று யாரும் கேட்காமலேயே மாறியிருக்கும். இரண்டையும் ஒரே கணினியில் கலக்க நினைத்தால் நிறுவல் மறுத்துவிடும். அது பரவாயில்லை, மறுப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் கடிப்பது மேக்ரோ. விண்டோஸின் உள் செயல்களைக் கூப்பிடும் பழைய மேக்ரோவில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் 64-பிட் எக்செல் அதை ஓட்டாது. சம்பளப் பட்டியல் போடும் மேக்ரோவை எழுதியவர் ஓய்வு பெற்றுப் பல வருடமாகியிருக்கும். எக்செல்லை எத்தனை முறை மறுபடி போட்டாலும் அந்தச் சொல் தானாக வந்து உட்காரப் போவதில்லை. 32-பிட் ஆபீஸைக் கேட்டு வாங்கி நிறுவுவது தற்காலிகத் தீர்வு. மேக்ரோவைத் திருத்துவதே நிரந்தரம். மின்னஞ்சலில் வந்த கோப்பின் மேக்ரோ ஓடவில்லை என்றால் அது பழுதே அல்ல. 2022 முதல் இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை ஆபீஸ் தானே தடுக்கிறது. அனுப்பியவரை நம்பலாம் என்றால் மட்டும் கோப்பின் பண்புகளில் போய்த் தடையை நீக்கலாம்.

நம் ஊருக்கே உரிய பகுதிக்கு வருவோம்: எழுத்துரு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து ஒருங்குறித் தமிழுக்கு லதா எழுத்துரு கூடவே வந்தது. அதில் அடித்த கோப்புகள் அலுவலகங்களில் மலைபோல் கிடக்கின்றன. விண்டோஸ் 10-இலிருந்து லதா தானாக வருவதில்லை. தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்புக்குள் போய்விட்டது. புதுக் கணினியில் கோப்பைத் திறந்தால் வேர்டு வேறொரு எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றும். எழுத்துகள் சரியாகத்தான் தெரியும். ஆனால் அகலம் மாறும், வரி மாறும், நான்கு பக்கப் பத்திரம் ஐந்தாவது பக்கத்துக்கு நாலு வரியைத் தள்ளும். முத்திரைத்தாளில் அச்சடிக்கிறவருக்கு அந்த நாலு வரியின் விலை தெரியும். தீர்வு விண்டோஸின் அமைப்புகளில், விருப்ப வசதிகள் என்ற இடத்தில் இருக்கிறது. வேர்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் கதை இன்னும் வேடிக்கை. அச்சகங்கள் பக்கம் கோக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது, அதற்கு ஒருங்குறி தெரியாது என்பதால் பல அச்சகங்களில் இவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. இவற்றில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் மாட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழுபவர்கள் அந்த எழுத்துருவை நிறுவினால் போதும்.

ஆனால் ஃபார்மட் அடித்து வேர்டை மறுபடி போட்டால் இங்கே புதிதாக ஒரு நோய் தொடங்கலாம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் தானியங்கித் திருத்தம் வேர்டில் இயல்பாகவே இயங்கும். அனுபவமுள்ள டிடிபி ஆபரேட்டர்கள் அதை முதல் நாளே நிறுத்தியிருப்பார்கள். புது வேர்டில் அது மறுபடி விழித்துக்கொள்ளும். பாமினியில் சிறிய எஃப் என்றால் 'க', பெரிய எஃப் என்றால் 'கு'. எனவே "கடை வாடகைக்கு" என்று வாக்கியத்தைத் தொடங்கினால் "குடை வாடகைக்கு" என்று வரும். படம் புடமாகும், கடல் குடலாகும். பிழை திருத்துநர் தன் கண்ணைச் சந்தேகிப்பார். இந்த நோயைக் கொண்டுவந்தது வைரஸ் அல்ல, வைத்தியம்.

தேதிச் சிக்கலும் இதே குடும்பம். ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடும்போது வட்டார அமைப்பு அமெரிக்கா என்று நின்றுவிட்டால், நாள்/மாதம் என்று அடிப்பதை எக்செல் மாதம்/நாள் என்று எடுத்துக்கொள்ளும். 03/04 என்பது ஏப்ரல் 3 அல்ல, மார்ச் 4 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் தேதியாகாமல் வெறும் எழுத்தாக ஓரமாய் ஒதுங்கும். இலட்சத்துக்குப் போடும் காற்புள்ளியும் ஆயிரத்துக்கு மாறும். ஆடிட்டர் அலுவலகத்தில் இது நடப்பது நல்லதல்ல.

மென்பொருளை மட்டும் புதிதாக்கி, சுற்றியுள்ளதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பெரிய பாடம் வைத்திருக்கிறது. 2020 செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையே 15,841 கொரோனா நோயாளிகளின் பதிவுகள் அரசின் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. பொதுச் சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, ஆய்வகங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களை எச்சரிப்பதும் அதனால் தள்ளிப்போனது. எக்செல் 2007-லேயே அந்த எல்லை 10,48,576 வரிகளாக உயர்ந்திருந்தது. அதாவது எல்லை உயர்ந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் கோப்பு வடிவம் மாறவில்லை. உங்கள் அலுவலகத்திலும் புது எக்செல்லின் தலைப்பில் 'பொருத்தப்பாட்டு முறை' என்று காட்டும் கோப்புகள் இருக்கும். அவற்றுக்குப் பழைய எல்லைதான் இன்றும் பொருந்துகிறது. ஒருநாள் ஒதுக்கி அவற்றைப் புது வடிவில் சேமியுங்கள்.

கள்ளப் பிரதிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. கணினி வாங்கிய கடையிலேயே 'ஆக்டிவேட்டர்' போட்டுத் தருவது வழக்கமாகிவிட்டது. அதை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு ஒருநாள் விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருள் விழித்து அதைத் தூக்கி எறியும். ஆபீஸ் உரிமம் கேட்டு நிற்கும். நீங்கள் அதை மேம்படுத்தல் சிக்கல் என்று நினைத்து இரவெல்லாம் போராடுவீர்கள். முதலாளிக்குப் பணம் கொடுக்க மனமில்லை என்றால் லிப்ரே ஆபீஸைப் போட்டுக் கொடுங்கள். அது இலவசம், சட்டப்படியானது.

மாற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு என்பதைப் பிரான்ஸின் ஜாந்தார்மெரி காவல் படை காட்டியது. அவர்கள் 2005-இல் ஆபீஸை மட்டும் ஓப்பன் ஆபீஸுக்கு மாற்றினார்கள்; விண்டோஸைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு உலாவியும் மின்னஞ்சலும் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு ஆயின. அதன் பிறகே, 2008 வாக்கில், இயங்குதளத்தை உபுண்டுவுக்கு மாற்றத் தொடங்கினார்கள். அதற்குள் காவலர்கள் தினமும் தொடும் மென்பொருள்கள் எல்லாம் கைக்குப் பழகியிருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் எது கெட்டாலும், கெடுத்தது எது என்பதில் குழப்பம் இருக்க வழியில்லை.

உங்களில் பலருக்கு அந்த வசதி இல்லை. மூன்றும் ஒரே நாளில் தலையில் இறங்கிவிட்டன. இனி கையில் இருப்பது பழைய கணினிதான். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்று முதலாளி அவசரப்படுவார். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். எக்செல்லின் 'பர்சனல்' மேக்ரோ கோப்பு, வேர்டின் தானியங்கித் திருத்தப் பட்டியல், அகராதியில் சேர்த்த பெயர்கள், அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பிஎஸ்டி பழைய பதிப்புகளில் ஆப்டேட்டாவுக்குள்ளும், 2010 முதல் ஆவணங்கள் கோப்புறையிலும் இருக்கும்; இரண்டு இடத்திலும் தேடுங்கள். டிஸ்க் மேல் ஒரு துண்டுத் தாளில் எந்த மேசை, எந்தத் தேதி, 32-பிட்டா 64-பிட்டா என்று எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். மார்ச் மாதக் கணக்கு முடியும்வரை யார் கேட்டாலும் அதைத் துடைக்கக் கொடுக்காதீர்கள்.